அந்தக் கையை எனக்குத் தெரியாதா?

காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கிற அறுபது பேரிடம் பெயர் கேட்டு, வயது கேட்டு, டாக்டர் சீட்டைப் பிடுங்கி, லேபிள் அச்சடிக்கிற வேலை எனக்கு. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். என் ஜன்னலில் பதினொன்றாவதாக என் மானமும் பறக்கும். "எவ்வளவு நேரம்மா நிக்கறது?" "மயக்கம் போட்டு விழுந்தா நீயா தூக்குவே?" "உன் மூஞ்சியப் பார்த்தாலே பிரஷர் ஏறுது!" சொல்லட்டும். நானும் வாயை வாடகைக்கு விட்டவள் இல்லை, ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பேன். ஆஸ்பத்திரி முழுக்க எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதி ஊசியக்கா. அவளைப் பற்றிச் சொல்ல வந்தவள் என் புராணத்தை ஆரம்பித்துவிட்டேன் பாருங்கள்.

என் ஜன்னலுக்குப் பின்னால் பத்தடி தள்ளி ரத்தம் எடுக்கிற அறை. இரண்டே நாற்காலிகள். முதல் நாற்காலி ஊசியக்காவுடையது. இரண்டாவதில் வேலை செய்கிறவருக்கு நாற்பது வயது இருக்கும். ஊசி குத்தும்போதெல்லாம் மூக்காலேயே ஏதாவது பாட்டை முனகுவார், அதனால் முனகல்காரர். இருவருக்கும் நடுவில் ஒரு தகரத் தட்டு. நான் அச்சடித்த லேபிள்கள் அதில் வரிசையாக இருக்கும். ஆள் வந்து உட்கார்ந்ததும் பெயரைக் கேட்க வேண்டும், அந்தப் பெயருள்ள லேபிளை எடுக்க வேண்டும், ரத்தம் பிடித்த குழாயில் ஆள் எழுந்திருப்பதற்குள் ஒட்ட வேண்டும். இதுதான் விதி. சுவரில் பெரிய எழுத்தில் மாட்டியும் இருக்கிறது.

ஊசியக்கா புது ஆள்களிடம் ஒழுங்காகப் பெயர் கேட்பாள். மாதாமாதம் வருகிறவர்களிடம் கேட்கமாட்டாள். கையைப் பார்ப்பாள், லேபிளை எடுப்பாள். "அக்கா, பேரு கேளுங்க" என்று முனகல்காரர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "போடா, அந்தக் கையை எனக்குத் தெரியாதா?" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள்.

தெரியும் என்பதும் உண்மைதான். கை மடிப்பில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிக்கொண்டே ஆளின் பாதி வாழ்க்கையைச் சொல்லிவிடுவாள். சுட்டுவிரல் நுனியில் பொடிப் பொடியாகக் குத்துகள், தையல். முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்பு, ரொட்டி அடுப்பு. ஒருநாள் கோட்டு போட்ட பெரிய மனிதர் ஒருவர் வந்து, தான் இன்ன கம்பெனியில் இன்ன அதிகாரி என்று அறையே கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் ஊசியக்கா என் ஜன்னலுக்கு வந்து, "அது செங்கல் தூக்கின கைடி" என்றாள். நான் நம்பவில்லை. அடுத்த மாதம் அவரிடமே கேட்டுவிட்டாள். அந்த மனிதர் முகம் சிவந்து, குரலைத் தாழ்த்தி, "பதினாலு வயசுலேர்ந்து எட்டு வருஷம்" என்றார். அதற்குப் பிறகு அவர் வந்தால் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

முகம் மட்டும் அவளுக்கு மனதில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது "என்னக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றால் பேந்தப் பேந்த விழிப்பாள். அவர்கள் பையைத் தோள் மாற்றும்போது கை தெரிந்தால்தான், "அட, நீங்களா!" என்பாள். ஏன் முகத்தைப் பார்ப்பதில்லை என்று கேட்டேன். ஏதாவது தத்துவம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "மூஞ்சியப் பார்த்தா அவங்க பயம் எனக்கு ஒட்டிக்குதுடி. அப்புறம் எப்படிக் குத்தறது?" என்றாள்.

இருபத்தாறு வயதில் இந்த ஆஸ்பத்திரிக்குத் தரை துடைக்க வந்தவள். லாரி ஓட்டின புருஷன் ஒரு நடை போனவன் போனவன்தான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பகலில் தரை துடைத்தாள், மாலையில் படித்தாள், பரீட்சை எழுதினாள், நாற்காலிக்கு வந்தாள். அந்தக் குழந்தை இன்று கடல் தாண்டிக் குடித்தனம் நடத்துகிறாள், ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள். நாற்காலிக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஸ்பிரிட்டிலேயே ஊறி அவளுடைய கைகள் வற்றிச் சுருங்கியிருக்கும், நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். இடது கை உறையின் சுட்டுவிரல் நுனியை மட்டும் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வாள். அதுவும் விதிப்படி தப்புதான். "ரப்பருக்கு உள்ளே இருந்து நரம்பைத் தேடறது, போர்வைக்கு உள்ளே இருந்து பிள்ளையக் கொஞ்சற மாதிரி" என்பாள்.

நான் சொல்ல வந்தது நடந்தபோது அவள் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே எரிந்து விழுவாள். "வீட்டுல நாலு சுவர் இருக்கு. எந்தச் சுவத்துல நரம்பு தேடச் சொல்றே?"

அவள் விரல் மரத்துப்போனதை முதலில் கண்டுபிடித்தவள் நான். சில மாதம் முன்பே, ஒருநாள் டீ வந்தது. கண்ணாடி டம்ளர், கொதிக்கக் கொதிக்க. நான் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். அவள் அந்த டம்ளரை இடது கையில் முழுசாகப் பிடித்துக்கொண்டு நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "சுடலையாக்கா?" என்றேன். டம்ளரைச் சட்டென்று மேசையில் வைத்தாள். "உன் வாயை விடவா சுடுது?" என்றாள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற நான், அந்த ஒன்றுக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒரு குத்தில் எடுப்பவளுக்கு இரண்டு குத்து ஆனது, மூன்று ஆனது. ஒரு பெண் கையில் பந்து மாதிரி வீங்கிவிட்டது. "அக்கா, நான் எடுக்கட்டுமா?" என்று முனகல்காரர் முனகலை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவர் முனகலை நிறுத்துகிறார் என்றாலே அவளுக்கு ஆத்திரம் வரும். டீக்கு எழுந்து வருவதை நிறுத்திவிட்டாள். கட்டைவிரலால் சுட்டுவிரல் நுனியைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

இப்போது அரைவிரல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வட்டாரத்தில் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டுகிற மெஷினில் வேலை. இடது கை மோதிர விரல் பாதியோடு நின்றுவிடும், மீதியை மெஷின் எடுத்துக்கொண்டது. இதயத்தில் வால்வு மாற்றினவர். ரத்தம் கட்டிக்கொள்ளாமல் நீர்க்க ஓட மாத்திரை சாப்பிடுகிறார். ரொம்ப நீர்த்தாலும் ஆபத்து, கெட்டியானாலும் ஆபத்து. மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுப்பார், அதில் வருகிற எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். மாதாமாதம் ஒரே இடத்தில் குத்திக் குத்தி அவர் நரம்பு கெட்டிப்பட்டுப் போயிருந்தது. ஊசியக்காவுக்கே தண்ணி காட்டுகிற கை.

ஒரு திங்கட்கிழமை, எட்டரை மணி இருக்கும். ஊசியக்கா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். முகமெல்லாம் பல்.

"ஒரே குத்துடி! அரைவிரல்காரர் நரம்பு, ஒரே குத்துல கிடைச்சிருச்சு. அப்படியே பஞ்சு மாதிரி!" என்று சுட்டுவிரலை என் கண்ணுக்கு நேரே ஆட்டினாள். "இது செத்துப்போச்சுன்னு நீங்க எல்லாம் நினைச்சுக்கிட்டு இருந்தீங்க இல்லே?"

ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் டீ குடிக்க எழுந்து போனாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவள் டீக்குப் போன நேரத்தில் முனகல்காரர் உள்ளேயிருந்து ஒரு பெயரைச் சொல்லி, "இவரோட லேபிள் தட்டுல இல்லையே!" என்று கத்தினார். நான் அப்போது, எனக்கு முன்னால் நின்றவரைத் தள்ளிவிட்டு வந்த ஒரு மீசைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அங்கதானே வெச்சேன், கண்ணு எங்கே போச்சு?" என்று பதிலுக்குக் கத்தி, பெயரைத் தட்டி, இன்னொரு லேபிளை அச்சடித்து எறிந்தேன். ஒரே பெயருக்கு இரண்டாவது லேபிள் போடுவதென்றால் முதல் லேபிள் என்ன ஆயிற்று என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். பார்க்காமல் போட்டதற்காக ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவள் நான். மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான். இருந்தும் போட்டேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மத்தியானம் தட்டில் ஒரு லேபிள் மிஞ்சிக் கிடந்தது. பசி தாங்காமல் எவரோ எழுந்து போயிருப்பார் என்று கசக்கிக் குப்பையில் போட்டேன்.

புதன்கிழமை காலையில் ஒருவர் வந்து ஜன்னலைத் தட்டினார். அறுபதை ஒட்டிய வயது. "என் ரிசல்ட் இன்னும் வரலை. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் வெச்சிருக்காங்க, ரத்தம் உறையுதான்னு பார்த்துட்டுதான் செய்வாங்களாம்."

கம்ப்யூட்டரில் தேடினேன். "நீங்க பதிஞ்சதோட சரி. ரத்தமே கொடுக்கலை. பாதியில எழுந்து போயிட்டு இப்ப வந்து என் உயிரை வாங்காதீங்க."

"நான் எழுந்து போனேனா? அந்த முதல் நாற்காலி அம்மாதானே எடுத்தாங்க! என் பேரைக்கூடக் கேட்கலை. நல்லா எடுத்தாங்க, வலிக்கவே இல்லை, அதனால நானும் ஒண்ணும் சொல்லலை. பாருங்க!" என்று இடது கையை ஜன்னலுக்குள் நீட்டினார்.

மோதிர விரல் பாதிதான் இருந்தது.

நான் முகம் பார்க்கிறவள். அரைவிரல்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். இவர் அவர் இல்லை. ஊசியக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் வந்தாள், கையைப் பார்த்தாள், சிரித்தாள். "என்னங்க, மாசம் பிறக்கறதுக்குள்ள வந்துட்டீங்க?" என்று வழக்கம்போலக் கை மடிப்பைத் தொட்டாள். சுட்டுவிரலால் அமுக்கினாள். பிறகு நடுவிரலால் அமுக்கினாள். பிறகு கட்டைவிரலால். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. நிமிர்ந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"நல்லா கேட்டீங்க. திங்கட்கிழமை கேட்டிருக்க வேண்டியது."

"இந்த விரல் எங்கே போச்சு?"

"பிரஸ்ல. தாள் வெட்டற மெஷின்ல. பதினெட்டு வருஷம் ஆச்சு. அதோட வேலைய விட்டுட்டு சைக்கிள் கடை வெச்சுக்கிட்டேன்." அவர் சொன்ன அச்சகம் அதே அச்சகம். இடது கையால் தாள்கட்டை ஓரம் தட்டிச் சமன் செய்யும்போது அந்த மெஷின் பிடிக்கிற விரல் எப்போதும் அந்த ஒரே விரல்தானாம். ஒரு மெஷின், இரண்டு ஆட்கள், ஒரே இடத்தில் ஒரே வெட்டு. ஊசியக்காவைத் தவிர வேறு எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. வேறு எவரும் விரலைப் பார்த்துவிட்டுப் பெயரை விட்டிருக்கமாட்டார்கள்.

"பஞ்சு மாதிரி இருந்துச்சே," என்றாள் ஊசியக்கா. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "நான் ஒரு முட்டாள்டி. பஞ்சு மாதிரி இருந்தப்பவே தெரிஞ்சிருக்க வேணாமா?"

நான் அதற்குள் அரைவிரல்காரரின் பக்கத்தைத் திறந்திருந்தேன். ரத்தம் கெட்டி, மாத்திரை வேலையே செய்யவில்லை என்கிற மாதிரி ஒரு எண். இருக்காதா பின்னே? மாத்திரையே சாப்பிடாத சைக்கிள் கடைக்காரரின் ரத்தம் அது. அதன் கீழே டாக்டர் திங்கட்கிழமை போட்ட குறிப்பு: இன்று இரவு முதல் மாத்திரை இரட்டிப்பு. ரத்தத்தைப் பரிசோதிக்கிற மெஷின் அறைக்குப் போன் போட்டேன். "ஆமா, ஒரே பேர்ல ரெண்டு குழாய் வந்துச்சு. முதல்ல வந்ததை மெஷின்ல ஓட்டினேன். ரெண்டாவது ஃபிரிட்ஜ்ல இருக்கு, இனிமே அது ஆகாது, பழசாயிருச்சு" என்றார் அங்கிருந்தவர். அந்த இரண்டாவது குழாயில்தான் அரைவிரல்காரரின் சொந்த ரத்தம். அதில் ஒட்டியிருந்தது நான் எழுந்து போய்ப் பார்க்காமல் எறிந்த லேபிள்.

ஆக, ஏற்கெனவே நீர்த்துப்போன ரத்தத்துக்கு இரண்டு நாளாக இரட்டை மாத்திரை. அந்த மனிதர் நாள் முழுக்கக் கத்தி முன்னால் நிற்கிறவர். சின்ன கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காது. எதிலாவது தலையை இடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். அவருடைய போனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும்.

"பிரஸ்ஸுக்குள்ள போன் சத்தம் கேட்காது. எனக்கு வழி தெரியும், வாங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

நான் ஊசியக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். "அக்கா, ஆளைக் கூட்டிட்டு வந்துருவோம். மெஷின் கோளாறுன்னு சொல்லிடலாம். மறுபடி எடுத்தா சரியாயிடும். நாலே மாசம்க்கா, பல்லைக் கடிச்சுக்கோ."

சொன்னது அவளுக்காகவா, என் மூன்றாவது மெமோவுக்காகவா? எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். என் கையை விலக்கிவிட்டு நேரே சூப்பர்வைசரம்மா அறைக்குப் போனாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"மேடம், திங்கட்கிழமை பேரு கேட்காம லேபிள் மாத்தி ஒட்டிட்டேன். வால்வு மாத்தினவருக்கு மாத்திரை ரெட்டிப்பாயிருச்சு. டாக்டருக்கு உடனே சொல்லுங்க. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வர்றேன்."

சூப்பர்வைசரம்மா போனை எடுத்தார். "நானும்தான்" என்று உள்ளே போய்ச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் போகவில்லை. என் ஜன்னலை முனகல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு டாக்சி பிடிக்க ஓடினேன்.

அந்த டாக்சியில் உட்கார்ந்திருந்த இருபது நிமிஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. எல்லா சிக்னலும் எங்களைப் பார்த்தே சிவந்தன. போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. சைக்கிள் கடைக்காரர் முன்சீட்டில் தொடையை ஆட்டிக்கொண்டே, "இடப்பக்கம், இடப்பக்கம்" என்று டிரைவரை விரட்டினார். ஊசியக்கா கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்துவிடும்போல் இருந்தது. "விடுக்கா" என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் அவள் என்னைப் பார்ப்பாள். பார்த்தால் என் முகத்தில் அந்த இரண்டாவது லேபிள் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நகத்தைக் கடித்தேன்.

அச்சகத்துக்குள் நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் அடித்தது. மை வாடை. கடைசியில், குழல் விளக்கின் கீழ் தாள் வெட்டுகிற மெஷின். இரண்டு பேர் முதுகைக் காட்டி நின்றார்கள். யார் அவர் என்று நான் யோசிப்பதற்குள் ஊசியக்கா நடந்துவிட்டாள், தாள்கட்டின் மேல் ஒரு அரைவிரல் இருந்ததைப் பார்த்துவிட்டாள். கூப்பிட்டாள். கேட்கவில்லை. அவர் இரண்டு கையையும் கத்தியை இறக்குகிற பொத்தான்களுக்குக் கொண்டுபோனார். ஊசியக்கா தன் கையை விரித்து அந்தத் தாள்கட்டின் மேல் வைத்தாள்.

அரைவிரல்காரர் அலறிப் பின்னால் துள்ளினார். "ஐயையோ! கையை எடுங்க! இது ஏற்கெனவே ரெண்டு விரலைத் தின்ன மெஷின்!" மெஷினை நிறுத்தினார். பிறகுதான் யார் என்று பார்த்தார். "அக்கா? நீங்க எங்கே இங்கே?"

ஊசியக்கா அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். புறங்கை முழுக்க நாவல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கன்றிப்போயிருந்தது, முழங்கைவரை. எதிலும் இடித்துக்கொள்ளவில்லையாம். "காலையில பல்லு தேய்ச்சா ரத்தம் நிக்கலை. டாக்டர் மாத்திரைய ஏத்தினாரே, அதான் போலன்னு இருந்துட்டேன்."

"அதேதான்," என்றாள் ஊசியக்கா. "ஏத்தினது அவர், ஏத்த வெச்சது நான். உங்க கைன்னு நினைச்சு இவர் ரத்தத்துல உங்க பேரை ஒட்டிட்டேன். கிளம்புங்க, இப்பவே."

அவருக்கு முதலில் புரியவில்லை. சைக்கிள் கடைக்காரர் தன் கையைத் தூக்கிக் காட்டினார். இவர் தன் கையைத் தூக்கினார். இரண்டு பாதி விரல்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. "நீங்கதானா அந்த முதல் விரலு?" என்று அரைவிரல்காரர் சிரித்தே விட்டார். "நீங்க விட்டுட்டுப் போன இடத்துக்குத்தானே நான் வந்தேன்!" எனக்கு அழுகை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சிரிச்சது போதும், டாக்சி நிக்குது" என்று எல்லோரையும் விரட்டினேன். வேறு என்ன செய்ய வரும் எனக்கு?

ஆஸ்பத்திரியில் முதல் நாற்காலியில் உட்கார வைத்தோம். முனகல்காரர் ஊசியோடு தயாராக நின்றார். "வேணாம், அக்காவே எடுக்கட்டும்" என்றார் அரைவிரல்காரர். ஊசியக்கா எதிரே உட்கார்ந்து ஒரு புது உறையை எடுத்தாள். கத்தரியை எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. முழுசாகவே மாட்டிக்கொண்டாள்.

"உங்க பேரு சொல்லுங்க."

"என்னக்கா விளையாடறீங்க? ஒன்பது வருஷமா குத்தறீங்க, என் பேரு தெரியாதா?"

"தெரியாதுங்க. சொல்லுங்க."

அவர் சொன்னார். அவள் அந்தப் பெயரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை திருப்பிச் சொன்னாள். லேபிளை எடுத்து வாசித்து அவருக்கும் காட்டினாள். பிறகு எழுந்துகொண்டாள்.

"எனக்கு விரல் மரத்துப்போய் ஆறு மாசம் ஆகுதுங்க. யார்கிட்டயும் சொல்லலை. பயந்துக்கிட்டு மறைச்சேன். இவர் எடுப்பார், நல்லா எடுப்பார்." முனகல்காரரைப் பார்த்து, "முனகிக்கிட்டே எடுடா" என்றாள். அவருக்கு அன்று முனகல் வரவில்லை. ஆனாலும் ஒரே குத்தில் எடுத்துவிட்டார்.

ஊசியை எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு நனைந்தது, மறு பஞ்சும் நனைந்தது. ஊசியக்கா கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "மாத்தி அமுக்கட்டுமா?" என்று கேட்டோம். "அமுக்கறதுக்கு உணர்ச்சி எதுக்கு, பலம் இருந்தாப் போதும்" என்றாள். இருபத்தைந்து நிமிஷம் அப்படியே நின்றாள். எண் வந்தது. மூன்றில் இருக்க வேண்டியது ஏழைத் தாண்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அரைவிரல்காரரை மாடியில் படுக்க வைத்து மாற்று மருந்து ஏற்றினார்கள். சைக்கிள் கடைக்காரரிடம் முனகல்காரர் பெயர் கேட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்.

மத்தியானம் சூப்பர்வைசரம்மா தவறு நடந்ததை எழுதித் தரும் படிவத்தைக் கொடுத்தார். "நாளையிலேர்ந்து நாற்காலி வேணாம். மீதி நாலு மாசம் ஜன்னல்ல உட்காருங்க, பேரு கேட்கற வேலை" என்றார். ஊசியக்கா சரி என்றாள். எங்கள் டீ மேசையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாக எழுதினாள். பெயர் கேட்காதது, உறையை நறுக்கியது, விரல் மரத்ததை மறைத்தது, எல்லாம் எழுதினாள். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். இரண்டாவது லேபிளைப் பற்றி ஒரு வரி இல்லை. "வேறு எவருக்காவது பங்கு உண்டா?" என்ற கட்டம் காலியாக இருந்தது.

எனக்கு மூச்சு வந்தது. மறு நிமிஷமே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"என்னக்கா, தியாகி ஆகப் பார்க்கறியா? இந்தக் கட்டத்தை ஏன் விட்டே? என்னைக் காப்பாத்தச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா?"

ஊசியக்கா பேனாவை மூடி, திறந்து, மூடினாள். என் லேபிள் சங்கதி டாக்சியிலேயே அவளுக்குத் தெரியும் என்று அப்போது புரிந்தது.

"உன்னைக் காப்பாத்த எனக்கென்ன தலையெழுத்தா? என் கை பண்ணினதை நான் எழுதினேன். உன் கை பண்ணினதை எழுத உனக்குக் கையில்லையா?"

பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டாள். அது மேசை ஓரம்வரை வந்து நின்றது. நான் எழுந்து போய் இன்னொரு படிவம் வாங்கிவந்தேன். முதல் வரி, பெயர். பத்தொன்பது வருஷமாக ஊரார் பெயரையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறவள், என் பெயரின் முதல் எழுத்திலேயே கோணிவிட்டேன்.

ஊசியக்கா குனிந்து என் கையைப் பார்த்தாள். எத்தனையோ ஆயிரம் கை பார்த்தவள், என் கையை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"உனக்குக்கூட நடுங்குதேடி."

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். எழுது."

எழுதினேன்.